அப்பாவின் ஜன்னலில் ஒரு மணிப்புறா

எனக்குப் பறவைப் பைத்தியம் எல்லாம் கிடையாது. காலையில் சிப்காட்டுக்குக் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு மரத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க ஏது நேரம்? காக்கா, மைனா, புறா, இந்த மூன்றுக்கு மேல் எனக்குப் பெயர் தெரியாது. அப்படிப்பட்ட நான் ஒரு ஜோடி மணிப்புறா எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும், எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று சொல்லுமளவுக்கு ஆனதற்கு அப்பாதான் காரணம். அப்பாவின் வாயில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு சொல்லும் காரணம்.

அப்பா பஸ் கண்டக்டர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் பின்படிக்கட்டில் நின்றவர். "ரைட்" என்பார், வண்டி கிளம்பும். "ஹோல்டேன்" என்று தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார், வண்டி நிற்கும். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு கேட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும். "மனுசன் கொஞ்சம் மெதுவா பேசுனா இன்னா, வாய்ல இருந்து முத்தா கொட்டிடும்?" என்று அம்மா தினம் ஒருமுறையாவது கேட்பாள். பின்னாளில் அப்படிக் கேட்டதற்காகத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள், பாவம்.

2009 தீபாவளி முடிந்த வாரம். பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பா பிரஷ்ஷோடு அப்படியே சரிந்தார். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்து, கடலூர் முதுநகரில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது வலது கை, வலது கால் வேலை செய்யவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது, ஒரு வார்த்தையைத் தவிர.

"அப்பா, தண்ணி வேணுமா?"

"ரைட்."

"திரும்பிப் படுக்கிறியா?"

"ரைட்."

எதைக் கேட்டாலும் ரைட்தான். ஆரம்பத்தில் எங்களுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. மனுஷன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு சரி சரி என்கிறார் என்று நினைத்தோம்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், என்னைவிடப் பத்து வயது சின்னவள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவளிடம் கூட்டிப்போக வேண்டும். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அவருக்கு நீங்க பேசுறது முக்காவாசி புரியுது. மனசுல பதிலும் இருக்கு. சொல்லப் போனா வார்த்தை கெடைக்க மாட்டேங்குது. ஆயுசு முழுக்கச் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் தயாரா வாயில நிக்குது, அது வந்துடுது. வேணாம்னு நெனச்சாலும் ரைட்டுனுதான் வரும். அதனால அத ஆமான்னு எடுத்துக்காதீங்க. மூஞ்சியப் பாருங்க." நான் தலையை ஆட்டினேன். அம்மாவிடமும் சொன்னேன். அவளும் தலையை ஆட்டினாள். அதோடு சரி.

பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? அடுத்த வாரமே முடி வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்தார். "கஞ்சி ஒட்டுது, மீசைய எடுத்துடலாமா?" என்று அப்பாவிடம் கேட்டார். "ரைட்" என்றார் அப்பா. எடுத்துவிட்டார். கண்ணாடியைக் காட்டியதும் அப்பா ஓவென்று அழுதார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்த மீசை அது. நான் முடி வெட்டுகிறவரைத் திட்டினேன், அம்மா என்னைத் திட்டினாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து "ரைட், ரைட்" என்று விம்மினார். அன்றைக்காவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அப்பாவின் கட்டில் ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். நடுவில் பூனை மட்டும் போகிற சந்து. சந்துக்கு மேலே கொஞ்சம் வானம், எட்டிப் பார்க்கும் ஒரு முருங்கைக் கிளை. கேபிள் டிவிக்காரர் மிச்ச ஒயரை வளையமாகச் சுருட்டி ஜன்னல் கம்பியின் வெளிப்பக்கம் கட்டிவிட்டுப் போயிருந்தார். வந்து எடுத்துப் போகச் சொல்லி நான் பலமுறை கத்தியும் வரவில்லை. தை மாதம் அந்த ஒயர் வளையத்தின் மேல்தான் மணிப்புறா ஜோடி வந்து உட்கார்ந்தது.

தவிட்டு நிறம், உள்ளே லேசான ரோஸ். பின்கழுத்தில் மட்டும் கறுப்புத் துணியில் வெள்ளை மணி தைத்த மாதிரி ஒரு பட்டை. அதனால்தான் எங்கள் பக்கம் மணிப்புறா என்கிறோம். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். நல்லவேளையாக ஒன்றுக்கு வாலில் ஓர் இறகு இல்லாமல் சந்து விழுந்திருந்தது. அந்த வால் சந்துக்காரன் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவருவான். மற்றது வாங்கி, வயிற்றுக்கு அடியில் செருகிக்கொள்ளும். கூடு என்றா சொல்வது அதை? எங்கள் வீட்டுத் துடைப்பத்தில் இருந்து விழுந்த குச்சி ஒரு இருபது, முருங்கைக் காம்பு ஒரு பத்து, அவ்வளவுதான். கட்டிலில் படுத்து அண்ணாந்து பார்த்தால் குச்சிகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு வெள்ளை முட்டை தெரிந்தது. "இந்த அழகுல இதுங்க குடும்பம் நடத்தப் போவுதாம்" என்று நான் சிரித்தேன். அப்பாவும் ஒரு பக்க வாயால் சிரித்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அப்பா டிவி பார்ப்பதை விட்டுவிட்டார். கண் ஜன்னலிலேயே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா இடது கையைத் தூக்கி வாட்சைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார். ஒன்பதே கால். சொல்லிவைத்தாற்போல வால் சந்துக்காரன் வந்து கம்பியில் இறங்கினான். உட்கார்ந்திருந்த பெட்டை எழுந்து நகர்ந்தது. இவன் முட்டைமேல் ஏறி, வயிற்றை இப்படி அப்படி அசைத்து, உட்கார்ந்தான். பெட்டை சிறகை உதறியது. அப்பா இடது கையைத் தூக்கி "ரைட்" என்றார். அது பறந்துபோனது.

எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் ஷிப்ட் மாறுகிறபோதுகூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது. சாயங்காலம் நாலரை, நாலே முக்காலுக்குப் பெட்டை திரும்பி வரும். அவனை எழுப்பிவிட்டு உட்காரும், மறுநாள் காலை வரை எழுந்திருக்காது. பகல் டூட்டி ஆணுடையது, மிச்ச நேரமெல்லாம் பெண்ணுடையது என்று பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். அப்பா அதற்கு முன்பே வாட்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். யார் நேரம் தவறினாலும் அவருக்குப் பொறுக்காது. பெட்டை ஐந்து மணி வரை வரவில்லையென்றால் கட்டில் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. வாதம் வந்தபின் அப்பாவுக்கு முழுங்குவது கஷ்டம். தலையைக் குனிந்து, டம்ளரில் வாய் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். அப்பா கேட்டால்தானே? வாழ்நாள் முழுக்க அண்ணாந்து ஊற்றிக் குடித்தவர். எச்சில் படக் குடிப்பது கேவலம் என்று சின்ன வயதில் என் தலையில் குட்டியவர். டம்ளரை வாயில் வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணாந்து ஊற்றினாலோ புரையேறிக் கண் பிதுங்கிவிடும். தண்ணீர் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் வீட்டில் சண்டைதான்.

வெயில் ஏறியதும் ஜன்னல் கட்டையில் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தேன். கோழி குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஒரு வாய் எடுக்கும், தலையைத் தூக்கி இறக்கும். மணிப்புறா அப்படி இல்லை. அலகைத் தண்ணீரில் முக்கி, குனிந்த தலை குனிந்தபடியே இழுத்துக் குடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. "யோவ், பாரு" என்றேன் அப்பாவிடம். எனக்குக் கோபமும் பிரியமும் ஜாஸ்தியானால் யோவ்தான் வரும். "அது குனிஞ்சே குடிக்குது. அதுக்கு மானம் போயிடுச்சா?" அப்பா என்னை முறைத்தார். அன்று மத்தியானம் டம்ளரில் வாய் வைத்து, குனிந்து, அரை டம்ளர் குடித்தார். புரையேறவில்லை. அம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் முட்டைகளைக் காக்கா தூக்கிக்கொண்டு போனது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம். காக்கா வந்து கொத்த, ஆண் சிறகால் அடித்துப் பார்த்ததாம், முடியவில்லையாம். அப்பா ரைட் ரைட் என்று கத்தியிருக்கிறார். அம்மா ஏதோ கேட்கிறார் என்று நினைத்துத் தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுத்த நாள் பயிற்சிக்குக் கிளப்பவே முடியவில்லை. எதற்கு வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனால் அந்தப் புறாக்களுக்குச் சோர்வு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. முருங்கைக் கிளையிலிருந்து ஆண் படபடவென்று நேர்மேலே ஏறும், சிறகை விரித்துச் சறுக்கி இறங்கும், பெட்டைக்கு முன்னால் கழுத்தை உப்பவைத்துக் குனிந்து குனிந்து கும்பிடு போடும். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே ஒயர், அதே துடைப்பக்குச்சி. "புத்தி கெட்ட ஜென்மங்களா, போன தடவை பட்டது போதாதா?" என்று திட்டிக்கொண்டே நான் ஓர் உடைந்த பிளாஸ்டிக் கூடையைப் பாதியாக வெட்டி, காக்கா நுழையாதபடி வெளிப்பக்கம் கட்டிவிட்டேன். அப்பா கையை ஆட்டி இங்கே கட்டு, அங்கே கட்டு என்று காட்டினார். இரண்டு முட்டை வந்தது. அப்பா சுவரிலிருந்து திரும்பி மறுபடி வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லால்பேட்டைக்குப் பக்கத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர். நல்ல மனுஷன். ஒவ்வொரு தடவையும் அப்பாவைச் சிதம்பரத்துக்குத் தன் காரில் தூக்கிப்போட்டுக் கூட்டிப்போனவர் அவர்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

"அக்கா, எங்க ஊர்ல ஒர்த்தருக்கு இதே மாதிரி கைகால் இழுத்துக்கிச்சி. பொறா ரத்தம் சூடா தடவுனாங்க. மூணே வாரம், எழுந்து ஒக்காந்து கதை பேசுறாரு."

எங்கள் பக்கத்தில் இதைக் கேள்விப்படாத வீடு கிடையாது. வாதம் என்றால் புறா ரத்தம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே நாலு பேர் காதில் ஓதிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா அதுவரை வேண்டாம் என்றுதான் இருந்தாள். அன்று மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"அடடே! வளக்குற பொறாவ விட இதுக்குத்தான் பவர் ஜாஸ்தியாம். தேடி அலையணும். ஒனக்குப் பாரு, ஜன்னல்லயே வந்து ஒக்காந்துருக்கு."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு சிதம்பரம் இருக்கிற திசைக்குக் கும்பிட்டாள். "நடராஜர்தான் அனுப்பி வெச்சிருக்காரு. எனக்குத்தான் இத்தினி நாளா புரியாம போச்சி."

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். கம்பெனி லேபில் நாள் முழுக்க எதையாவது சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. ரத்தத்தைத் தோல்மேல் தடவினால் மூளைக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சொன்னேன்தான். "மாமா, இதெல்லாம் சும்மா" என்று சொன்னேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. நான்கு மாதம் ஆகியிருந்தது. பயிற்சிப் பெண் கற்பித்த எதுவும் அப்பா வாயில் நிற்கவில்லை. இனிமேல் இவர் என்னை ஒரு தடவையாவது கூப்பிடுவாரா என்ற பயம் எனக்கு. ஒருவேளை பலித்துவிட்டால்? அந்த ஒருவேளை என்னைத் தின்றுவிட்டது.

"அவரையே கேட்டுடலாம்" என்றார் மாமா. கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "மச்சான், இந்தப் பொறா ரத்தத்தத் தடவுனா ஒங்களுக்குப் பேச்சு வந்துடும். செஞ்சிடலாமா?"

"ரைட்."

"பாத்தியா!" என்றார் மாமா.

நானும் கேட்டேன். "அப்பா, ஒனக்குச் சம்மதமா?"

"ரைட்."

அவர் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டேன். அதை இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறபோதும் எனக்குக் கூசுகிறது. மீசை போன கதை தெரிந்தவள் நான். மூஞ்சியப் பாருங்க என்று அந்தப் பெண் சொன்னதைக் கேட்டவள் நான். பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வதென்று முடிவானது. பங்குனி வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று இருந்தது. அம்மா குளித்துவிட்டு விளக்கேற்றினாள். மாமா கத்தியும் கிண்ணமும் எடுத்துவைத்தார். அடைகாக்கிற புறா எளிதில் பறக்காது, அப்படியே அமுக்கிவிடலாம் என்றார். ஒன்பதே காலுக்கு வால் சந்துக்காரன் டூட்டிக்கு வந்தான். பெட்டை கிளம்பியது. அப்பா கையைத் தூக்கி "ரைட்" என்றார். எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மாமா கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பட்டறைக்காரர் கை, விரலுக்கு மேல் கம்பிக்குள் போகவில்லை. சந்துக்குள் ஆள் நுழைய முடியாது. மறுபக்கம் நானே கட்டின கூடை.

"நீ உடு பாப்பா. ஒன் கை சின்னது."

விட்டேன். அது பறக்கவில்லை. அசையாமல் ஒரு கண்ணால் என்னையே பார்த்தது. தினம் தண்ணீர் வைக்கிற கை என்று நினைத்ததோ என்னவோ. விரல் மேலே பட்டதும்தான் சிறகால் பளாரென்று அடித்தது. நான் அமுக்கிப் பிடித்துவிட்டேன். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சூடு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ரைட்!" என்றார் அப்பா.

"இருங்க மச்சான், இருங்க, வருது" என்றார் மாமா.

"ரைட்! ரைட்! ரைட்!"

"பாருக்கா, அவருக்கே எவ்ளோ அவசரம்!"

அப்போதுதான் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது. தலை இல்லை இல்லை என்று ஆடியது. வாய் மட்டும் ரைட், ரைட் என்று எதிர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரிந்திருந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே தன் வாய்மேல் ஆத்திரம் வந்ததைப் பார்த்தேன். என் கை கம்பிக்குள் அப்படியே நின்றது.

அப்பா இடது கையை ஓங்கினார். கட்டில் பக்கத்தில் இருந்த தகர பீரோவில் ஓங்கி ஓர் அடி. இன்னொரு அடி. வீடு அதிர்ந்தது.

"ஹோ... ஹோல்... ஹோல்டேன்!"

என் கை தானாக விரிந்தது. புறா சிறகடித்துக்கொண்டு கூடையின் மேல்வழியாக வெளியே போனது. அதன் வால் இறகு நாலைந்து என் விரல் நடுவில் நின்றுவிட்டது. மாமா கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹோல்டேன்" என்றார் அப்பா மறுபடி, இப்போது மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு. என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அப்பா இடது கையை என் தலையில் வைத்தார். அதற்குள் மாமா கூத்தாட ஆரம்பித்துவிட்டார். "மச்சான் பேசிட்டாருக்கா! பாத்தியா, பொறா கிட்ட கையக் கொண்டுபோனதுக்கே பேச்சு வந்துடுச்சி. தடவியிருந்தா இந்நேரம் எழுந்து ஓடியிருப்பாரு!" அவரை என்ன செய்வது? சிரிப்பதைத் தவிர வழியில்லை. அம்மா மட்டும் எழுந்துபோய்க் கத்தியைக் கழுவிப் பரணில் போட்டாள். "இனிமே அவர எதுவும் கேக்குறதுன்னா மூஞ்சியப் பாத்துக் கேளுங்க, எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றாள்.

ஆனால் முட்டை? பத்து மணிக்கு மேல் வெயில் நேராக அந்தக் கூட்டில் விழும். இத்தனை நாளும் அடைகாக்கிறவன்தான் அதற்கு நிழலாகவும் இருந்தான். அப்பா வாட்சைக் காட்டினார், வெயிலைக் காட்டினார். நாங்கள் எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்து, கதவுச் சந்து வழியாக ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமாவும்தான். ஒன்பதரை ஆனது, பத்து ஆனது, கூட்டின் விளிம்பில் வெயில் ஏறியது. நடராஜரே, இந்த ஒரு தடவை என்று நான் வேண்டிக்கொண்டேன். எனக்கு வேண்டிக்கொள்ளும் பழக்கமே கிடையாது.

பத்தேகாலுக்கு முருங்கைக் கிளை ஆடியது. வாலில் பாதி இல்லாமல், மொட்டையாக, பார்க்கவே பரிதாபமாக அது வந்து கம்பியில் இறங்கியது. ஒரு கண்ணால் அறையைப் பார்த்தது. மறு கண்ணால் பார்த்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல முட்டைமேல் ஏறி, வயிற்றை அசைத்து, உட்கார்ந்தது.

உள்ளேயிருந்து அப்பா சிரிப்பது கேட்டது. எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்தப் பெண் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். படித்தவர்தானே நீங்கள் என்று கேட்டாள். கேட்கட்டும், கேட்கவேண்டியதுதான். திட்டி முடித்ததும் அப்பா எந்த ரூட்டில் ஓடினார் என்று கேட்டாள். பிறகு அப்பா முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, கடலூர்ல பஸ் எடுக்குறோம். மொதல்ல முதுநகர். அடுத்தது?"

அப்பா வாயைக் கோணினார். திணறினார். "சி... சிப்காட்டு."

"அடுத்தது?"

"காரைக்காடு. ஆ... ஆலப்பாக்கம். புதுச்சத்திரம். முட்லூர்..." சிதம்பரத்துக்குள் நுழைகிற வண்டிகேட் வரைக்கும் வந்து நிறுத்தினார். வரிசையாகப் பதிந்ததெல்லாம் வரிசையாகக் கேட்டால் வரும் என்று அந்தப் பெண் சொன்னாள், அவள் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு மட்டும் பொறாமை. "பெத்த பொண்ணக் கூப்புட வரல, ஆலப்பாக்கம் வருதா?" என்றேன். அப்பா அதற்கும் சிரித்தார்.

முட்டை பொரிந்து இரண்டு குஞ்சு வந்தது. அவ்வளவு அசிங்கமான குஞ்சை நான் பார்த்ததில்லை. மஞ்சள் முடி நாலு, பெரிய மூக்கு, கண் திறக்காத மண்டை. தாயும் தகப்பனும் தொண்டையிலிருந்து பால் போல எதையோ கக்கி, குஞ்சின் அலகைத் தங்கள் வாய்க்குள் விட்டுக்கொண்டு ஊட்டின. பதினைந்து நாள் முடிவதற்குள் அந்த அசிங்கம் இரண்டும் புறாவாகிக் கம்பியில் நின்றன. முதலாவது பறந்தபோது அப்பா "போ" என்றார். எங்கள் வீட்டில் அது மூன்றாவது சொல். அதற்குப்பின் வந்த சொற்களை நாங்கள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. தண்ணி, வேணாம், வலி, சூடு. வேணாம் வந்தபிறகு ஒரு மாதம் எதற்கெடுத்தாலும் வேணாம்தான், இட்லிக்கு வேணாம், மாத்திரைக்கு வேணாம், குளிக்க வேணாம். அம்மா பழையபடி அவரைத் திட்ட ஆரம்பித்தாள். மீசையும் வளர்ந்துவிட்டது.

என் பெயர் வந்தது ஆனி மாதம், ஒரு சாயங்காலம். கடைசி எழுத்தைக் கொஞ்சம் முழுங்கிவிட்டுத்தான் கூப்பிட்டார். அந்த ஒயர் வளையத்தில் மூன்றாவது தடவையாக முட்டை இருக்கிறது என்று காட்டத்தான் கூப்பிட்டார்.

ஆடி மாதம் மாமாவின் கார் பழுதானது. "பஸ்ஸு" என்றார் அப்பா. அம்மா பதறினாள். நான் முகத்தைப் பார்த்தேன். போகலாம் என்றேன். கைத்தடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், முதுநகர் ஸ்டாப்பில் ஏறினோம். கண்டக்டர் புது ஆள், எங்களைத் தெரியாது. யாரோ எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்கள். சிப்காட்டின் கெமிக்கல் வாசனை வந்தது, போனது. ஒவ்வொரு ஸ்டாப்பையும் அப்பா கண்டக்டருக்கு முன்னாலேயே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆலப்பாக்கத்தில் வண்டி நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, "ரைட்" கேட்டுக் கிளம்பியது. அப்பா வெளியே எட்டிப் பார்த்தார். ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, தலையில் மூட்டையோடு, கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பின்படிக்கட்டில் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அப்பா கையை வெளியே விட்டுத் தகரத்தில் படபடவென்று இரண்டு தட்டு தட்டினார்.

"ஹோல்டேன்!"

முப்பது வருஷத்துக் குரல். டிரைவர் யோசிக்கவே இல்லை, பிரேக் போட்டுவிட்டார். அந்தப் பெண் மூச்சிரைக்க ஏறினாள். "புண்ணியவான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் குழந்தையை இறக்கினாள். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"யாருய்யா அது ஹோல்டேன் குடுத்தது?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் அப்பாவின் கோணல் வாயைப் பார்த்தார், மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார், இன்னும் தகரத்தின் மேலேயே இருந்த இடது கையைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, குரலை இறக்கினார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க, போலாமா?"

நான் சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். அப்பா அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாளா என்று பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரைட்" என்றார்.

அவர் நினைத்ததும் அதைத்தான். வண்டி கிளம்பியது.